எம்எஸ்டிபியும் உங்கள் பொறுப்புதான்: புதிய டிபிஏக்களுக்கு

டேட்டாபேஸ் நிர்வாகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கம்பெனியின் பெரிய டேட்டாபேஸ்களைத் தெரிந்துகொண்டுவிடுகிறார்கள். பில்லிங், சம்பளம், ஸ்டாக் எதுவானாலும் அதற்கென்று ஒரு துறை இருக்கிறது. கொஞ்சம் மெதுவானாலே போன் வந்துவிடும். எஸ்க்யூஎல் சர்வர் தன் உபயோகத்துக்கு வைத்திருக்கும் மாஸ்டர், மாடல், எம்எஸ்டிபி, டெம்ப்டிபி நான்கையும் பற்றி அப்படி யாரும் கேட்பதில்லை. நிறுவும்போது 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனால் அவை சி டிரைவில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். அன்றைக்கு எம்எஸ்டிபியின் அளவு பொருட்படுத்தும்படி இருக்காது. ஐந்தாறு வருடம் கழித்து சி டிரைவில் இடமில்லை என்று யாராவது தேடும்போது அது 40, 50 ஜிபிக்கு வளர்ந்து நிற்கும்.

இதை டிஸ்க் பிரச்சினை என்று நினைத்து டிஸ்க் கேட்டு வாங்குகிறவர்கள் அதிகம். எந்தப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது என்று ஒருவரும் முடிவு செய்யாததுதான் உண்மையான பிரச்சினை. முடிவு செய்ய வேண்டியவர் டிபிஏ. அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

1. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு கை வையுங்கள்.

ஏஜென்ட் ஜாப்கள், அவற்றின் நேர அட்டவணை, ஓடிய வரலாறு, ஆப்பரேட்டர்கள், அலர்ட்கள், பேக்கப் எடுத்த வரலாறு, ரீஸ்டோர் செய்த வரலாறு, டேட்டாபேஸ் மெயில் அனுப்பிய ஒவ்வொரு கடிதம், மெயின்டனன்ஸ் பிளான்கள், லாக் ஷிப்பிங் விவரம், பழைய முறையில் சேமித்த எஸ்எஸ்ஐஎஸ் பேக்கேஜ்கள் எல்லாம் எம்எஸ்டிபியில்தான் இருக்கின்றன. இந்தப் பட்டியலில் இரண்டு வகை கலந்து கிடப்பதைக் கவனியுங்கள். ஜாப்களும் பேக்கேஜ்களும் போனால் வேலை நின்றுவிடும். வரலாறு போனால் வேலை நிற்காது. இடத்தை அடைத்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது வகை.

சுத்தம் செய்யத் தொடங்கும் முன் எம்எஸ்டிபிக்கு ஒரு முழு பேக்கப் எடுத்து, அதை வேறு டிஸ்க்கில் வையுங்கள். அந்த பேக்கப்பை அதே வெர்ஷன் சர்வரில்தான் ரீஸ்டோர் செய்ய முடியும். அப்போது ஏஜென்ட் சர்வீஸை நிறுத்தியிருக்க வேண்டும்.

2. அளந்து பாருங்கள்.

மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் எம்எஸ்டிபியின் மேல் ரைட் கிளிக் செய்தால் ரிப்போர்ட்ஸ் என்று ஒரு பகுதி வரும். அதில் எந்த டேபிள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும் ரிப்போர்ட் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. 'பேக்கப்' என்று தொடங்கும் டேபிள்கள், 'சிஸ்மெயில்' என்று தொடங்குபவை, சிஸ்ஜாப்ஹிஸ்டரி, மெயின்டனன்ஸ் பிளான் லாக் ஆகிய நான்கு கூட்டத்தில் ஒன்று பெரும்பாலும் மேலே நிற்கும். அபூர்வமாக, இடத்தைப் பிடித்திருப்பது சர்வீஸ் புரோக்கரின் க்யூவாக இருக்கும். ஏதோ ஒரு கருவி ஈவென்ட் நோட்டிஃபிகேஷனை இயக்கிவிட்டு, வரும் செய்திகளை வாசிக்க ஆள் வைக்காமல் போயிருக்கும். அப்போது சீனியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கை வையுங்கள்.

ஃபைல் அளவை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். 30 ஜிபி ஃபைலுக்குள் 25 ஜிபி காலியாகவும் இருக்கலாம்.

3. பேக்கப் வரலாறு எப்படிப் பெருகுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் என்றால் ஒரு டேட்டாபேஸுக்கு நாளைக்கு 96. ஒரு சர்வரில் 50 டேட்டாபேஸ் இருந்தால் நாளைக்கு 4,800. வருடத்துக்கு 17,52,000. பேக்கப்செட் டேபிளில் மட்டும் இத்தனை ரோ. அதே பேக்கப்புக்காக பேக்கப்ஃபைல், பேக்கப்ஃபைல்குரூப், பேக்கப்மீடியாசெட், பேக்கப்மீடியாஃபேமிலி டேபிள்களிலும் தனித்தனியாக ரோ எழுதப்படும். விர்ச்சுவல் மெஷினை ஸ்னாப்ஷாட் எடுக்கும் கருவிகள் விஎஸ்எஸ் வழியாக வந்தால் அவையும் இங்கே பதிவாகும். ஆக, நீங்கள் எடுக்காத பேக்கப்பின் வரலாறும் உங்கள் கணக்கில் சேர்கிறது.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? பேக்கப் ஃபைல்களை எத்தனை நாள் டிஸ்க்கிலோ டேப்பிலோ வைத்திருக்கிறீர்களோ, அத்தனை நாளும் அதற்கு மேல் ஒரு மாதமும் போதும் என்பது என் கருத்து. ஃபைலே இல்லாதபோது அதன் வரலாற்றை ரீஸ்டோருக்கு யாரும் தேடப்போவதில்லை. வரலாற்றை அழித்தால் பேக்கப் ஃபைலும் போய்விடுமோ என்ற பயம் புதியவர்களுக்கு உண்டு. போகாது. ஃபைலுக்குள்ளேயே அதன் விவரம் எல்லாம் இருக்கிறது. ரீஸ்டோர் ஹெடர்ஒன்லி கட்டளை கொடுத்தால் படித்துக் காட்டும்.

ஆனால் அழிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பேக்கப்செட்டில் பேக்கப் சைஸ் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. ஒவ்வொரு டேட்டாபேஸும் மாதாமாதம் எப்படி வளர்ந்தது என்ற கதை முழுவதும் அதில் இருக்கிறது. அடுத்த வருடம் எவ்வளவு டிஸ்க் தேவைப்படும் என்று மேலாளர் கேட்டால் இதைவிட நம்பகமான ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது. மாதத்துக்கு ஒரு ரோ என்று சுருக்கி, உங்களுக்கென்று வைத்திருக்கும் சின்ன டேட்டாபேஸில் போட்டுவைத்துக்கொண்டு மூலத்தை அழியுங்கள். ரீஸ்டோர் ஹிஸ்டரியும் சேர்ந்தே அழியும். எப்போது, யார், எந்த டேட்டாபேஸை ரீஸ்டோர் செய்தார் என்பது ஆடிட்டுக்குத் தேவை என்றால் அதையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

4. ஆறு வருட வரலாற்றை ஒரே கட்டளையில் அழிக்காதீர்கள்.

இதற்காகவே எஸ்பி_டெலீட்_பேக்கப்ஹிஸ்டரி என்ற புரொசீஜர் சர்வரோடு வருகிறது. ஒரு தேதி கொடுத்தால் அதற்கு முந்தையதை எல்லாம் நீக்கிவிடும். கொடுக்கும் தேதியில்தான் சூட்சுமம். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியை எடுத்த எடுப்பில் கொடுத்தால், ஆறு வருடச் சரக்கையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நீக்கப் பார்க்கும். எம்எஸ்டிபி சிம்பிள் ரெக்கவரியில்தான் இருக்கும். ஆனாலும் டிரான்சாக்‌ஷன் முடியும்வரை லாக்கில் இருப்பதைக் கழிக்க முடியாது என்பதால் லாக் ஃபைல் வீங்கும். இடம் இல்லாத டிஸ்க்கில் இடம் உண்டாக்கப் போய், இருந்ததையும் லாக் விழுங்கிவிடும். 9002 பிழை வரும். பாதியில் நிறுத்தினால் ரோல்பேக் ஆகி எல்லாம் பழையபடி நிற்கும். அதற்குள் அந்த டேபிள்கள் பூட்டப்பட்டிருப்பதால், வழக்கமான பேக்கப்கள் தங்கள் பதிவை எழுத முடியாமல் வரிசையில் காத்திருக்கும். பழைய வெர்ஷன்களில் இந்த டேபிள்களுக்குப் போதிய இண்டெக்ஸும் கிடையாது. அங்கே இரவு முழுக்க ஓடியும் முடியாது.

செய்ய வேண்டியது இது. பேக்கப்செட்டில் இருக்கும் மிகப் பழைய தேதி எது என்று பாருங்கள். அதிலிருந்து ஒரு வாரம் தள்ளித் தேதி கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். எவ்வளவு நேரம் ஆனது, லாக் எவ்வளவு வளர்ந்தது என்று பாருங்கள். சில நொடிகளில் முடிந்தால் அடுத்ததை ஒரு மாதமாக்குங்கள். நேரம் எடுத்தால் வாரத்திலேயே நில்லுங்கள். ஒரு சிறு லூப் எழுதி, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு செக்பாயின்ட்டும் சில நொடி இடைவெளியும் கொடுத்தால், நடுவில் வரும் பேக்கப்கள் தடையில்லாமல் போகும். இரண்டு மூன்று இரவுகளில் முடிந்தாலும் பரவாயில்லை. ஆறு வருடம் சேர்ந்ததற்கு மூன்று இரவு அதிகமில்லை.

ஒருமுறை பழைய பாக்கி தீர்ந்த பிறகு, தினமும் ஓடும் ஜாப்பாக இதைப் போட்டுவிடுங்கள். தினம் ஒரு நாள் சரக்கு மட்டும் கழியும். யாருக்கும் தெரியாது.

5. மெயில் டேபிள்களைத் திறந்து பாருங்கள்.

நான் பார்த்த வீங்கிய எம்எஸ்டிபிகளில் நிறைய இடங்களில் காரணம் மெயில்தான். டேட்டாபேஸ் மெயில் ஒரு கடிதத்தை அனுப்பியதோடு விட்டுவிடாது. சிஸ்மெயில்_மெயில்ஐட்டம்ஸ் டேபிளில் கடிதத்தின் உடல் முழுவதும், சிஸ்மெயில்_அட்டாச்மென்ட்ஸ் டேபிளில் இணைப்பு முழுவதும் அப்படியே தங்கும். தானாக அழியும் ஏற்பாடு எதுவும் கிடையாது.

ஒரு உதாரணம் பாருங்கள். தினமும் காலையில் 40 பேருக்கு 900 கேபி அளவில் ஒரு விற்பனை ரிப்போர்ட் போகிறது. இதை எழுதியவர் பெறுநர் பட்டியலை எடுத்து ஒரு லூப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெயில் புரொசீஜரை அழைத்திருக்கிறார். ஒவ்வொரு அழைப்புக்கும் இணைப்பின் ஒரு பிரதி. நாளைக்கு 36 எம்பி, வருடத்துக்கு 13 ஜிபிக்குச் சற்று மேல். அதே 40 முகவரிகளையும் செமிகோலன் போட்டு ஒரே அழைப்பில் கொடுத்திருந்தால் வருடத்துக்கு 330 எம்பிகூட வராது. பெறுகிறவர்களுக்கு ரிப்போர்ட் அதேதான், மற்றவர்களின் முகவரிகளும் தெரியும் என்பது மட்டும்தான் வித்தியாசம். எம்எஸ்டிபிக்கோ பெரிய வித்தியாசம். ஆகவே பெரிய மெயில் டேபிளைப் பார்த்தால் அழிப்பதோடு நிறுத்தாமல், சப்ஜெக்ட் வாரியாக எண்ணிப் பார்த்து, அனுப்பும் புரோகிராமை எழுதியவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம். அவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

இடத்தைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. சம்பளச் சீட்டையும் வாடிக்கையாளர் பட்டியலையும் இந்த வழியாக அனுப்புகிற அலுவலகங்கள் உண்டு. சம்பள டேட்டாபேஸுக்கு ஆயிரம் காவல் போட்டுவிட்டு, அதிலிருந்து எடுத்த சீட்டுகள் வருடக்கணக்கில் எம்எஸ்டிபியிலும், எம்எஸ்டிபியின் ஒவ்வொரு பேக்கப்பிலும் கிடப்பதை யாரும் யோசிப்பதில்லை. மெயிலை 30 நாளுக்கு மேல் வைத்திருக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட சீட்டுகளாக இருந்தால் 7 நாளே அதிகம்.

அழிக்க சிஸ்மெயில்_டெலீட்_மெயில்ஐட்டம்ஸ்_எஸ்பி இருக்கிறது. கடிதமும் இணைப்பும் சேர்ந்து போகும். மெயில் லாக் தனியே இருக்கும். அதற்கு சிஸ்மெயில்_டெலீட்_லாக்_எஸ்பி. இங்கும் தேதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்த வேண்டும். மெயின்டனன்ஸ் பிளானில் ஹிஸ்டரி கிளீனப் வேலையைப் போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது பேக்கப், ஜாப், பிளான் வரலாறுகளைக் கழிக்கும். மெயிலைத் தொடாது.

6. ஜாப் வரலாற்றுக்கு ரோ கணக்கு வேண்டாம், நாள் கணக்கு வையுங்கள்.

ஏஜென்ட் இயல்பாக மொத்தம் 1,000 ரோ, ஒரு ஜாப்புக்கு 100 ரோ என்று வைத்துக்கொள்ளும். ஒரே ஸ்டெப் உள்ள ஜாப் ஒருமுறை ஓடினால் 2 ரோ. நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஜாப்புக்கு ஒரு மணி நேர வரலாறுகூட மிஞ்சாது. அது போன்ற ஜாப்கள் பத்து இருந்தால் மொத்த 1,000 ரோவையும் அவையே நிரப்பி, இரவு 2 மணிக்கு ஃபெயில் ஆன முக்கியமான ஜாப்பின் தடயத்தைக் காலையில் நீங்கள் வருவதற்குள் தள்ளிவிடும். இதில் அடிபட்டவர்கள் வரம்பையே எடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு நிமிட ஜாப் ஒன்று மட்டும் வருடத்துக்கு 10 லட்சம் ரோவுக்கு மேல் எழுதும். வரம்பை எடுங்கள், கூடவே எஸ்பி_பர்ஜ்_ஜாப்ஹிஸ்டரியைத் தேதியோடு தினமும் ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள்.

ஜாப் ஸ்டெப்பின் அட்வான்ஸ்டு பக்கத்தில் வெளியீட்டை டேபிளில் எழுது, பழையதோடு சேர் என்று இரண்டு டிக் பெட்டிகள் இருக்கின்றன. யாரோ ஒரு பிழையைத் தேட டிக் செய்துவிட்டு மறந்திருப்பார்கள். சிஸ்ஜாப்ஸ்டெப்ஸ்லாக்ஸ் டேபிள் பெரிதாக இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

7. டேபிளில் நேரடியாக டெலீட் எழுதாதீர்கள்.

இவை ஒன்றோடொன்று ஃபாரின் கீயால் கட்டப்பட்டவை. மைக்ரோசாஃப்ட் கொடுத்த புரொசீஜர்களுக்கு வரிசை தெரியும். இணையத்தில் கிடைக்கும் டிரங்கேட் ஸ்கிரிப்ட்டுகளை நம்பி இறங்க வேண்டாம்.

8. ஷ்ரிங்க் ஒரே ஒருமுறைதான்.

அழித்த பிறகு ஃபைல் சுருங்கவில்லையே என்று பதறுவார்கள். சுருங்காது. உள்ளே இடம் காலியாகியிருக்கும், இனி வருவது அதில் எழுதப்படும். 12 ஜிபி ஃபைலில் 8 ஜிபி காலி என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். 60 ஜிபி ஃபைலில் இனி 3 ஜிபிக்கு மேல் தேவையே வராது என்று தெரிந்தால் மட்டும் ஷ்ரிங்க்ஃபைல் கொடுங்கள். அதுவும் ஒரு ஜிபி, இரண்டு ஜிபியாக இறக்குங்கள். மெயில் இணைப்புகள் இருந்த ஃபைலில் இது மெதுவாகத்தான் நகரும், பொறுமை வேண்டும். முடிந்ததும் மீதியுள்ள டேபிள்களின் இண்டெக்ஸ்களை ரீபில்ட் செய்யுங்கள், ஷ்ரிங்க் அவற்றைக் கலைத்துப் போட்டிருக்கும். வாராவாரம் ஷ்ரிங்க் ஓடும் ஜாப் எந்த சர்வரிலாவது கண்ணில் பட்டால், ஏன் என்று கேட்டு நிறுத்துங்கள். வளர வேண்டிய ஃபைலை வாராவாரம் வெட்டினால் அது வாராவாரம் வளரத்தான் செய்யும்.

9. டெம்ப்டிபி வேறு ஜாதி.

அதில் வரலாறு கிடையாது. சர்வீஸ் மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகப் பிறந்து, நீங்கள் நிர்ணயித்த அளவுக்குத் திரும்பும். அதனால்தான் நிரம்பியதும் ரீஸ்டார்ட் செய்துவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும், காரணம் அழிந்துவிடும், நாளைக்கு மறுபடி நிரம்பும். நிறுத்துவதற்கு முன் எந்த செஷன் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை டிஎம்_டிபி_செஷன்_ஸ்பேஸ்_யூசேஜ் வியூவில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். செஷன்கள் எதுவும் பெரிதாகக் காட்டவில்லை, ஆனால் இடம் இல்லை என்றால் வெர்ஷன் ஸ்டோரைச் சந்தேகியுங்கள். ஸ்னாப்ஷாட் ஐசொலேஷன் முறையில் இயங்கும் டேட்டாபேஸில் யாரோ ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அது மூடும்வரை பழைய பிரதிகளைக் கழிக்க முடியாது.

ஃபைல்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். 2016 முதல் நிறுவும்போதே எத்தனை ஃபைல் என்று கேட்கிறது: கோர் எண்ணிக்கை அல்லது 8, எது குறைவோ அது. அந்தப் பரிந்துரையை ஏற்றுக்கொண்டு, தேவைப்படும் முழு அளவையும் முதலிலேயே கொடுத்துத் தனி டிஸ்க்கில் வைத்துவிடுங்கள்.

10. நிறுவிய அன்றே செய்ய வேண்டியவை.

எம்எஸ்டிபி இயல்பாக 10 சதவீதம் வளரும்படி அமைக்கப்பட்டிருக்கும். 50 ஜிபி ஆனபின் ஒரு தடவைக்கு 5 ஜிபி. அதை 64 எம்பி, 128 எம்பி என்று நிலையான அளவாக மாற்றுங்கள். சி டிரைவில் இருந்தால் வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். ஆல்டர் டேட்டாபேஸில் புதிய பாதையைக் கொடுத்து, சர்வீஸை நிறுத்தி, ஃபைல்களை நகர்த்தி, மறுபடி தொடங்க வேண்டும். தொடங்கிய பின் எம்எஸ்டிபியில் புரோக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மெயில் போகாது. டெவலப்பர்களின் லாகினுக்கு டிஃபால்ட் டேட்டாபேஸ் மாஸ்டர் என்று விடாதீர்கள். தவறுதலாக ஓட்டிய ஸ்கிரிப்ட்டின் டேபிள்கள் எல்லாம் அங்கே போய்க் குடியேறும்.

11. எச்சரிக்கை சர்வருக்கு வெளியிலிருந்து வரட்டும்.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எம்எஸ்டிபி நிரம்பினால் என்ன ஆகும்? ஏஜென்ட்டால் வரலாறு எழுத முடியாது. பேக்கப் எடுக்கும், ஆனால் அதன் பதிவை எழுத முடியவில்லை என்று 3009 பிழை சொல்லும். பேக்கப் ஃபைல் நன்றாகவே இருக்கும், வரலாற்றில் மட்டும் காணாது. அதைப் பார்த்து பேக்கப்பே இல்லை என்று நள்ளிரவில் ஓடுகிறவர்கள் உண்டு. மெயில் வரிசையில் எழுத இடம் இல்லாததால் மெயில் போகாது. டிஸ்க் நிரம்புகிறது என்று உங்களுக்குச் சொல்ல நீங்கள் வைத்திருக்கும் அலர்ட்டும், அந்த அலர்ட்டை ஓட்டும் ஜாப்பும், அதை அனுப்பும் மெயிலும் எம்எஸ்டிபிக்குள்ளேதான் இருக்கின்றன. நிரம்பும் அந்த நேரத்தில் மூன்றும் சேர்ந்து மௌனமாகிவிடும். காலையில் மெயில் எதுவும் வரவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் டிஸ்க்கையும் எம்எஸ்டிபி அளவையும் வேறொரு மெஷினிலிருந்து பாருங்கள். விலை கொடுத்து வாங்கிய கண்காணிப்புக் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இன்னொரு சர்வரில் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் போதும். எல்லாம் சரியாக இருந்தாலும் 'சரியாக இருக்கிறது' என்று தினமும் ஒரு செய்தி வரும்படி வையுங்கள். வராத நாளில் எழுந்து பார்ப்பீர்கள்.

நாளைக்கு அலுவலகம் போனதும், உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு தேதிகளை எடுத்து எழுதுங்கள்: பேக்கப்செட்டில் மிகப் பழைய பதிவின் தேதி, மெயில்ஐட்டம்ஸில் மிகப் பழைய கடிதத்தின் தேதி. இரண்டில் ஒன்று ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால், அந்த சர்வரில் இந்த வேலையை இதுவரை யாரும் தொடங்கவில்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.